மஞ்சள் பாத்திரத்தின் மூடி

கொரியாவுக்குக் கடலின் எதிர்க்கரையில், சீனாவின் வெய்ஹாய் நகரத்து ஜன்னலுக்கு வெளியே முதல் பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது. கொரியக் கடையில் வாங்கிய மஞ்சள் பாத்திரத்தில் நூடுல்ஸ் கொதிக்கிறது. யான்லிங் அதை மூடியிலேயே எடுத்துப் போட்டு ஊதுகிறாள். கொரிய டிவி தொடர்களில் காதலர்கள் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். "வீட்டுல கிண்ணத்துக்கா பஞ்சம்?" என்கிறான் கணவன் ஷௌஜங். "உனக்கென்ன தெரியும்? கொரியாச் சாமான், பளபளப்பைப் பாரு!" ஆவிக்குள் அவள் முகம், இப்போதுதான் கொரியக் கப்பலிலிருந்து இறங்கியவளுடையதுபோல மிதக்கிறது. சாறு ஊற்றப் பாத்திரத்தைச் சாய்க்கிறாள். அடியில் ஒரு சின்ன முத்திரை ஷௌஜங்கின் கண்ணில் படுகிறது. தினமும் அவன் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போடும் உள்ளூர்ப் பட்டறையின் முத்திரை அது. "குடு, நான் ஊத்துறேன்" என்று சட்டென வாங்கி, அடியை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். அவள் மூடியை நீட்டி ஒரு வாய் ஊட்டுகிறாள். "எப்படி?" பாத்திரத்தின் சூட்டில் அவன் உள்ளங்கை தகிக்கிறது. "கடல் தாண்டி வந்ததாச்சே," என்கிறான், பாத்திரத்தைக் கீழே வைக்காமல்.