கண்ணாடி போட்ட பூனை

சாயங்கால வெயில் கண்ணாடிக்கடைக்குள் நுழைந்து, அலமாரியில் அடுக்கியிருக்கும் மூக்குக்கண்ணாடிகள்மேல் பட்டு, சுவரெங்கும் சின்னச் சின்ன வட்டங்களாக ஆடிக்கொண்டிருக்கிறது. கணினிமுன் உட்கார்ந்திருக்கும் கடைக்காரம்மா, புதிதாக வந்த மின்னஞ்சலை உரக்கப் படிக்கிறாள். "உங்கள் இணையதளத்தை முழுவதும் பார்த்தோம். மிக அழகு. ஆனால் முப்பத்தேழு பிழைகள் உள்ளன. இன்றே புதிதாக வடிவமைத்துத் தருகிறோம்." உள்ளே லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும் கணவர் பதறிக் குரல் கொடுக்கிறார். "முப்பத்தேழா? உடனே பதில் போடும்மா." "சும்மா இருங்க. புளுகுறான். நம்ம தளத்த இவன் எட்டிக்கூடப் பாக்கல." "அதெப்படிச் சொல்ற?" "பூனையப் பத்தி ஒரு வார்த்த இல்லையே."

தேய்க்கும் சத்தம் நின்றுபோகிறது. இறந்துபோன அவள் தம்பி, கல்லூரி விடுமுறை முழுக்க இதே நாற்காலியில் சம்மணம் போட்டுச் செய்த தளம் அது. திறந்ததும் கண்ணாடி போட்ட பூனையொன்று மவுஸின் அம்புக்குறியைத் துரத்திக்கொண்டு ஓடும். தளத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். அவள் மின்னஞ்சலை அழித்துவிட்டுத் தளத்தைத் திறக்கிறாள். அம்புக்குறியை நகர்த்த நகர்த்தப் பூனை விழுந்தடித்து ஓடிவருகிறது. நிறுத்தினால் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறது. அவள் மறுபடி நகர்த்துகிறாள். "அம்மா, என் கண்ணாடி ரெடியா?" என்று வாசலில் ஒரு குரல் கேட்கிறது. அவள் திரும்பவில்லை. வாடிக்கையாளரோடு பேசவே கூச்சப்படும் கணவர், கையைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கூப்பிடாமல் தானே எழுந்து போகிறார்.