தோளில் போன சைக்கிள்

ஒன்பது நாளாக அந்தச் சைக்கிள் ரெஜினாவையும் அவளுடைய கூடாரத்தையும் அடுப்பையும் சுமந்துகொண்டு மலைகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் ஒரு வளைவில் பாதை சரிந்து கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்குத்தான் இடம் மிச்சம். ரெஜினா சைக்கிளைப் பாறையில் சாய்த்து, மூட்டைகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"விட்டுட்டுப் போயிட்டா," என்றது சைக்கிள்.

அரிசி மூட்டைகளோடு, ஓட்டி வந்தவரின் பக்கத்தில் நின்ற கோவேறு கழுதை, "வருவா," என்றது.

"வந்தா மட்டும்? நான் சுமக்க வேண்டியவ என்னைச் சுமக்கறதா? அதுக்கு இங்கேயே துருப்பிடிச்சுப் போகலாம்."

ரெஜினா மூச்சிரைக்கத் திரும்பி வந்து சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். சைக்கிளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. நடுவழியில் அவள் கால் வழுக்கியது. ஒரு கையால் பாறையைப் பற்றினாள். மறுகை சைக்கிளை விடவில்லை.

அந்தப் பக்கம் சேர்ந்ததும் அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். தன்னை ஓட்டி வந்தவருக்குப் பின்னால் கழுதையும் வந்து சேர்ந்தது.

"பன்னிரண்டு வருஷமா சுமக்கறேன்," என்றது மெதுவாக. "என்னை யாரும் தூக்கினது கிடையாது. எப்படி இருந்துச்சு?"

வெட்கமாக இருந்தது என்று சொல்லத்தான் சைக்கிள் நினைத்தது. கழுதையின் விலாவில் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்ததும் சற்று நிதானித்தது.

"வழுக்கினப்போ அவ நெஞ்சு படபடன்னு அடிச்சுது. என் இரும்பு வழியா கேட்டுச்சு."

கழுதை காதுகளை முன்னால் திருப்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் சொல்லு," என்றது.