ஜாம்பியாவுக்குப் போகும் லேத்

ஓசூர் சிப்காட்டின் பின்தெருவில் மாலை வெயில் தகரக் கூரைகளின் மேல் மஞ்சளாய்ச் சரிந்து கிடக்கிறது. ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கரங்கள் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய வினிதாவின் லேத் மெஷின். கண்டெய்னருக்குப் போட்ட சரிவுப் பலகையில் சக்கரம் ஏறும்போது மெஷின் ஒரு பக்கம் சாய்கிறது. "நிதானா, நிதானா" என்று கன்னடத்தில் கத்தி வழிகாட்டுகிறார் மேஸ்திரி திம்மப்பன். வினிதா மூச்சை அடக்கிக்கொள்கிறாள். இந்த ஒரு மெஷினை நம்பித்தான் ஜாம்பியாவில் சுரங்கங்களுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை தொடங்கப் போகிறாள். அந்த நாட்டை அவள் பார்த்திருப்பது போனில் மட்டும்தான். மெஷின் உள்ளிருட்டில் போய் அமர்கிறது. இரும்புக் கதவுகள் மோதி மூடும் சத்தத்தில் அவள் தோள்கள் அதிர்கின்றன. லாரி டிரைவர் கையில் கண்டெய்னர் கதவுக்கான சீலோடு நிற்கிறார். "போட்டுடட்டுங்களா மேடம்? போட்டா அங்க போய்த்தான் ஒடைக்க முடியும்." வினிதா மூடிய கதவுகளையே பார்க்கிறாள். கணவன் முத்துக்குமார் அருகில் வந்து, "பயமா இருந்தா இப்பவே சொல்லிடு வினி, எறக்கிடலாம்" என்கிறான். "எறக்கி எங்க வெக்கறது? நம்ம ஷெட்டுக்கு நாளைக்கு வேற ஆளு வாடகைக்கு வராங்க" என்கிறாள். பிறகு டிரைவரிடம், "போடுங்கண்ணா." சீல் 'டிக்'கென்று விழுகிறது, அவ்வளவு சின்னச் சத்தம். லாரி புகையைக் கக்கியபடி பாகலூர் சாலையை நோக்கி நகர்கிறது. எதற்கென்று தெரியாமலே வினிதா அதன் பின்னால் நடக்கத் தொடங்குகிறாள். முத்துக்குமார் கூப்பிடுவது கேட்கிறது. கால்கள்தான் நிற்க மாட்டேனென்கின்றன.