சத்தம் விழாத இடம்

தணிகாசலம் பெட்டியில்லாத ஸ்பீக்கர் செய்த கதை தெருவுக்கே தெரியும். ஆளுயரப் பலகைகள் இரண்டு, அடியில் கனத்த ஒலிக்கான வூஃபர்கள், பின்பக்கம் மூடாமல். சுவரைவிட்டு நாலடி தள்ளி நின்றால்தான் ஒழுங்காகப் பாடுமாம். அதனால் சோபா பால்கனிக்குப் போயிற்று. முன்பக்கமும் சத்தம் வரும், பின்பக்கமும் வரும். பலகைக்குப் பக்கவாட்டில் மட்டும் அந்த இரண்டு சத்தமும் மோதி அடங்கிவிடும். அலுத்துப்போன மனைவி மரகதம் அந்த இடத்தைக் கண்டுபிடித்து முக்காலி போட்டுக்கொண்டாள். வீட்டில் அவளுக்கென்று மிஞ்சிய அமைதி அவ்வளவுதான்.

“அங்க ஒண்ணும் காதுல விழாதே, மரகதம்.”

“அதுக்குத்தாங்க.”

நேற்று அவள் அடுப்படியிலிருந்து வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே அவருடைய நாற்காலி காலி. அவர் முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

“நிறுத்திடலாமே.”

“மூணு வருஷம் செஞ்சது, மரகதம்.”

அவள் முக்காலியருகே வந்தாள். பிறகு, “தள்ளி உக்காருங்க” என்றாள்.