பறக்கும் முன் பத்து நிமிடம்

புது விதி இதுதான்: ஹெலிகாப்டர் ஓட்டுபவர் மனதில் உள்ளதையெல்லாம் முதலில் ஓட்டுநர் அறையில் பொருத்தியுள்ள பேசும் இயந்திரத்திடம் சொல்லிவிட வேண்டும். மனச்சுமையோடு பறக்க அனுமதி இல்லை.

பொள்ளாச்சி ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் பைலட் கயல்விழி தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் பேசினாள். ஹெலிகாப்டருக்கு எரிபொருள் நிரப்பும் அவள் கணவன் மகுடபதிக்கு, வெளியே நின்று பார்க்கையில் வயிறு எரிந்தது. வீட்டில் என்ன கேட்டாலும் அவளுடைய பதில் "ஒண்ணுமில்லீங்க" மட்டும்தான்.

"அதுகிட்டச் சொல்றத ஒரு நாளைக்கு எங்கிட்டச் சொன்னா கொறஞ்சா போயிருவ?" என்று அன்று காலை வெடித்தான்.

அவளும் சொன்னாள். மூடுபனியில் வரும் பயம், நாத்தனார் குத்திப் பேசியது, எல்லாவற்றையும் கொட்டினாள். மகுடபதிக்குப் பெருமை பிடிபடவில்லை.

எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. மலைமேல் எஸ்டேட்டில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது. கயல்விழி ஏறி உட்கார்ந்தாள். சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

"எதையோ மறைக்கிறீர்கள். அனுமதி இல்லை" என்றது இயந்திரம்.

"ஏதாச்சும் சொல்லு கண்ணு! அங்க உசுரு போகுது!" என்று மகுடபதி கதவைத் தட்டிக் கத்தினான்.

அவள் கதவைத் திறந்து, அவனைப் பார்த்துக்கொண்டே இயந்திரத்திடம் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்கு உம்மேல பொறாமை. அத நெனச்சா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்குது."

உடனே இறக்கைகள் சுழன்றன.

ஹெலிகாப்டர் மலைக்கு அப்பால் மறையும்வரை மகுடபதி பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சந்தோஷத்தைக்கூட அவள் அதனிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறாள்.