காவல் நரம்பு

கழுத்து ரத்தக்குழாயில் ஒரு நரம்பு காவல் இருந்தது. ரத்த அழுத்தம் ஏறினால் மூளைக்குக் குரல் கொடுக்கும். மூளை உடனே இதயத்தை, "மெதுவாடா" என்று அடக்கும். இறங்கினாலும் குரல் கொடுக்கும். அப்போது, "ஓடுடா" என்று விரட்டும். அவ்வளவுதான் வேலை.

ஒரு வருஷம் அழுத்தம் ஏறியது, இறங்கவேயில்லை. நரம்பு கத்திக் கத்தி அலுத்துப்போய், அந்த ஏறிய அளவையே வழக்கமென்று எடுத்துக்கொண்டது.

"அண்ணே, என்னால முடியல. மூளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றது இதயம்.

"என்னத்தைச் சொல்ல? எல்லாம் எப்பவும்போலத்தான் இருக்கு. நீதான் வரவரச் சோம்பேறியாயிட்ட."

இதயம் அப்புறம் கேட்கவில்லை. பாரம் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்துப்போனது.

பத்து வருஷம் கழித்து உடம்புக்குள் ஒரு மாத்திரை வந்தது. குழாய்கள் தளர்ந்தன. அழுத்தம் மெல்ல இறங்கிப் பழைய அளவுக்கே வந்தது. அப்பாடா என்று இதயம் சற்றுச் சாய்ந்தது.

"ஐயோ, இறங்குது! இறங்குது!" என்று அலறியது நரம்பு.

"அண்ணே, கத்தாதீங்க. இதுதானே நாம முன்னாடி இருந்த..."

அதற்குள் மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டது: "ஓடுடா!"

இதயம் எழுந்து ஓடியது.

"நல்லவேளை, நான் முழிச்சிருந்தேன்" என்றது நரம்பு.