இன்னொரு துணி

ரயில் நிலைய பெஞ்சில் படுத்து வெடவெடவென நடுங்கிக்கொண்டிருந்த ஆளைப் பார்த்ததும் பிலோமினாவுக்கு மனசு கேட்கவில்லை. மழைச்சாரல் வேறு. தன் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள்.

"நல்லா இருப்பே தாயி" என்றார் அவர்.

அதைப் பார்த்த ஒருவர் தன் துண்டைப் போர்த்தினார். ஒரு பெண் பையிலிருந்த புதுச்சேலையைப் பிரித்துப் போட்டாள். அடுத்த ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஏன் எதற்கென்று கேட்கவில்லை. ஆளுக்கொரு துணியோடு வரிசையில் நின்றுகொண்டார்கள். கால் மறைந்தது, பிறகு முகமும் மறைந்தது. யாரோ மாலை கொண்டுவந்து சாத்தினார்கள். ஊதுபத்தி மணத்தது. ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் கும்பிட வைத்தான். துணிக்குவியல் மட்டும் இன்னும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"உயிரோட இருக்காருங்க! மூச்சு முட்டிடும், எடுங்க!" என்று கத்தினாள் பிலோமினா.

"தெரியும்மா" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி, பொறுமையாக. "குளிருதேன்னுதானே போர்த்துறோம்."

பிலோமினா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்த் துணிகளை வாரி வாரி எறிந்தாள். கடைசியில் அவளுடைய சால்வை கைக்கு வந்தது. இளஞ்சூடாக இருந்தது. அதற்கடியில் வெறும் பெஞ்சுதான். அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை கிடுகிடுவென ஆடியது.

"அய்யோ பாவம், இந்தம்மாவுக்கும் நடுங்குது பாருங்க" என்றபடி ஒருவர் சட்டையைக் கழற்றி அவள் தோளில் போர்த்தினார்.

கலைந்த வரிசை மறுபடி கூடியது.